சாவியைக் கொடுக்கும் முன்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலம். ரிசல்ட்டோடு சேர்ந்து நம் வீடுகளில் ஒரு பேச்சும் வரும். "பாஸானா பைக் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே வாப்பா!" வசதி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்தப் பேச்சு கார் வரைக்கும் போகும். மிம்பரில் நின்று பைக், கார் பற்றிப் பேச வேண்டுமா என்று யாராவது நினைத்தால், அவர் நம் கபர்ஸ்தானில் கடந்த சில வருடங்களில் அடக்கமானவர்களின் வயதைக் கொஞ்சம் விசாரித்துவிட்டு வரட்டும்.

நம் நாட்டுச் சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 18 வயது முடிந்த பையன் எல்.எல்.ஆர். போடுகிறான். 30 நாள் கழிந்ததும் டெஸ்டுக்குப் போகலாம். டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்தில் இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக் கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருக்க, காலி ரோட்டில் சில நாள் ஓட்டிப் பழகிய பையன். டெஸ்டில் பாஸாகி அவன் கைக்கு வரும் அட்டையில் இலகு ரக வாகனம் என்று இருக்கும். 800 சிசி சின்னக் காரும் இலகு ரகம்தான். நின்ற இடத்திலிருந்து நாலைந்து நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் காரும் இலகு ரகம்தான். பைக்கிலும் இதே கதைதான். 100 சிசி பைக்கில் எட்டுப் போட்டுக் காட்டியவன் லைசென்ஸ் வந்த அன்றே 1000 சிசி பைக்கில் ஏறினாலும், உனக்கு இது இப்போது ஆகாது என்று சொல்ல நம் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

வேறு சில நாடுகளில் இப்படி விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் காரில் 'பி' என்ற பலகையை மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில், பொதுவாக, ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரை அவர் ஓட்டக் கூடாது. இத்தாலியில் 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டப்படி கார் லைசென்ஸ் வாங்கியவருக்கு முதல் 3 வருடம் கட்டுப்பாடு. டன்னுக்கு 75 கிலோவாட், மொத்தத்தில் 105 கிலோவாட், அதற்கு மேல் போகக் கூடாது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் பைக் லைசென்ஸே மூன்று படி. முதலில் 200 சிசி வரை. குறைந்தது ஒரு வருடம் அதை வைத்திருந்த பிறகுதான் 400 சிசி வரை உள்ள அடுத்த படிக்கு முயற்சி செய்யலாம். அதற்கும் பிறகுதான் பெரிய பைக்.

இது பணக்காரப் பிள்ளைகள் மீதுள்ள பொறாமையில் போட்ட சட்டமல்ல. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. மிதித்த நொடியில் பாயும் வண்டி, யோசிக்க நேரம் தராது. அனுபவம் உள்ளவன் தூரத்தில் ஆடு நிற்பதைப் பார்த்ததுமே காலை எடுக்கிறான். புதியவனுக்கு ஆடு குறுக்கே வந்த பிறகுதான் தெரிகிறது. அந்த அனுபவம் வரும் வரை சின்ன வண்டியை ஓட்டு என்கிறார்கள், அவ்வளவுதான்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இந்தச் சட்டங்களைப் படித்தபோது எனக்கு ஸூரத்துன் நிஸாவின் 5, 6ஆம் வசனங்கள்தான் நினைவுக்கு வந்தன. அநாதைகளின் சொத்தை அவர்களிடம் எப்போது ஒப்படைப்பது என்று அல்லாஹ் அங்கே சட்டம் சொல்கிறான். பையன் வயதுக்கு வந்துவிட்டான், தூக்கிக் கொடு என்று சொல்லவில்லை. திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வாருங்கள் என்கிறான். அந்த வயதை அடைந்த பிறகும், அவர்களிடம் ருஷ்து, அதாவது பக்குவம் இருப்பதை நீங்கள் கண்டால் ஒப்படையுங்கள் என்கிறான். கவனியுங்கள், நிபந்தனை இரண்டு. வயது ஒன்று, பக்குவம் ஒன்று. வயது தானாக வரும். பக்குவத்தை நாம்தான் கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் சோதிக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? ஃபிக்ஹ் கிதாபுகளில் அழகாக எழுதியிருக்கிறார்கள். வியாபாரி மகன் என்றால் கொஞ்சம் காசைக் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பிப் பார். பேரம் பேசத் தெரிகிறதா, ஏமாந்து வருகிறானா என்று பார். ஒரு தடவை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார். ஷாஃபிஈ மத்ஹபில், பக்குவம் வராதவரை அவன் எத்தனை வயதானாலும் சொத்து அவன் கைக்குப் போகாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 25 வயதை ஓர் எல்லையாக வைத்தார்கள். இத்தனை எச்சரிக்கையும் எதற்கு? காசுக்கு! இழந்தால் திரும்பச் சம்பாதிக்கக் கூடிய காசுக்கு! உயிரைப் பறிக்கும் ஒரு பொருளை ஒப்படைக்கும்போது நாம் என்ன சோதிக்கிறோம்? ஷோரூமில் இ.எம்.ஐ. எவ்வளவு என்று கேட்கிறோம். கலர் கேட்கிறோம். மைலேஜ் கூடச் சிலர் கேட்கிறார்கள்.

5ஆம் வசனத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. பக்குவமில்லாதவர் கையில் சொத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொன்ன அல்லாஹ், அவர்களுக்கு உணவு கொடுங்கள், உடை கொடுங்கள், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறான். மறுக்கும்போது பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் குர்ஆன் விட்டுவைக்கவில்லை. "உனக்கெல்லாம் எதுக்குடா பைக்கு" என்று நாலு பேர் முன்னால் கத்துகிற வாப்பா இந்த வசனத்தில் பாதியைத்தான் பின்பற்றுகிறார். "இப்ப சின்ன வண்டி எடுப்போம், ஒரு வருஷம் நீ எப்படி ஓட்டுறேன்னு பாப்போம், அப்புறம் நானே கூட வந்து எடுத்துத் தர்றேன்" என்று உட்கார வைத்துச் சொல்கிறாரே, அவர்தான் முழுதாகப் பின்பற்றுகிறார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இளைஞர்களிடம் எப்படி நடந்தார்கள்? உஹது போருக்குப் புறப்படும்போது அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் வந்து நிற்கிறார்கள். வயது 14. நபியவர்கள் அனுமதிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் யாருடைய மகன்? உமர் (ரலி) அவர்களின் மகன். தகப்பனாரின் பெயரைப் பார்த்து வயதைக் கூட்டிப் போடவில்லை. பிறகு அகழ் போரில் அதே அப்துல்லாஹ் 15 வயதில் வந்து நின்றபோது சேர்த்துக் கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிற ஹதீஸ் இது. உஹதில் அவருக்கு ஆசை இல்லாமலா இருந்தது? ஷஹாதத்துக்கே ஆசைப்பட்டு வந்தவர்! நோக்கம் தூய்மையாக இருந்தும், நேரம் வரவில்லை என்றார்கள்.

அதே உஹதில் இன்னொரு நிகழ்ச்சியைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) நன்றாக அம்பு எய்பவர் என்று சொல்லப்பட்டதும் அவரை அனுமதித்தார்கள். உடனே ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), மல்யுத்தத்தில் நான் ராஃபிஉவை வீழ்த்துவேனே என்றார். சரி, என்று மோத வைத்துப் பார்த்தார்கள். ஸமுரா வென்றார். அவருக்கும் அனுமதி கிடைத்தது. வாய்ப் பேச்சை நம்பவில்லை பாருங்கள். கண் முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள். நம் ஊரில் சில டெஸ்டுகள் எப்படி நடக்கின்றன, வண்டி ஓட்டாமலேயே யார் யாருக்கு அட்டை வந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினால் அது லஞ்சம். லஞ்சப் பாவம் ஒரு பக்கம். அதற்கு மேலே, ஓட்டத் தெரியாதவனை ஓட்டத் தெரிந்தவன் என்று சொன்ன பொய்ச் சாட்சியம் இன்னொரு பக்கம்.

இளைஞர்களே, வேகத்தையே மார்க்கம் வெறுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நபியவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பந்தயத்தை எப்படி அமைத்தார்கள் தெரியுமா? பயிற்சி கொடுத்துத் தயார்ப்படுத்திய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை. அறிவிப்பாளர் ஸுஃப்யான் (ரஹ்) சொல்லும் கணக்குப்படி 5 அல்லது 6 மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாஃவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை, 1 மைல். ஒரே ஊர், ஒரே பந்தயம், தயாரானதற்கு ஓர் அளவு, தயாராகாததற்கு வேறு அளவு. ஆஸ்திரேலியாக்காரன் இப்போது கிலோவாட் கணக்கில் செய்வதை மதீனாவில் மைல் கணக்கில் செய்திருக்கிறார்கள்.

"எம்புள்ள மேல எனக்கு உசுரு, அதான் கேட்டதை வாங்கிக் கொடுத்தேன்" என்று சொல்லும் பெற்றோருக்கு அபூதர் (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொல்ல வேண்டும். முஸ்லிமில் இருக்கிறது. எனக்கு ஒரு பொறுப்புத் தாருங்கள் என்று அவர் கேட்டார். நபியவர்கள் அவரின் தோளைத் தட்டி, நீர் பலவீனமானவர், இதுவோ அமானத் என்று சொல்லி மறுத்தார்கள். இன்னோர் அறிவிப்பில், எனக்கு விரும்புவதையே உமக்கும் விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருக்குக் கூட அதிகாரியாக வேண்டாம், அநாதையின் சொத்தையும் பொறுப்பேற்க வேண்டாம் என்றார்கள். அபூதர் (ரலி) மீது நபியவர்களுக்கு இருந்த அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது. அந்த அன்புதான் மறுத்தது.

இப்போது நேரடியாகவே பேசுகிறேன். நம் ஊரில் பாதி வாப்பாமார்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். துபாயிலும் ரியாத்திலும் வண்டி ஓட்டும்போது ரேடார் கேமரா எங்கே இருக்கிறது என்று பயந்து பயந்து ஓட்டுகிறவர்கள் இவர்கள். ஒரு ஃபைன் வந்தால் அந்த மாதச் சம்பளம் ஆட்டம் காணும். அதே மனிதர், இரண்டு வருடம் பிள்ளையோடு இருக்க முடியவில்லையே என்ற வருத்தத்தில், அந்த வருத்தத்தையெல்லாம் சேர்த்து ஒரு பைக்காக அனுப்பிவிடுகிறார். பையன் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கொள்கிறான். உம்மா போனில் அழுகிறார். மூன்றாம் நாள் பணம் வந்துவிடுகிறது. அவர் மனசு எனக்குப் புரிகிறது. குறை சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதையும் நான்தான் பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்குப் போன் வருகிறது. வாப்பாவுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேரும் வரை மய்யித்தை வைத்திருக்கலாமா ஹஜ்ரத் என்று கேட்கிறார்கள். 80 வயதுப் பெரியவருக்கும் 19 வயதுப் பையனுக்கும் ஜனாஸா தொழுகையில் தக்பீர் நாலுதான். மூன்றாம் தக்பீருக்குப் பிறகு ஓதும் துஆவில் பின் வரிசையிலிருந்து வரும் சத்தம்தான் வேறு.

மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நாட்டில் நடந்த மரணங்களில் நூற்றுக்கு 70க்கும் மேல் அதிவேகத்தால் என்று எழுதியிருக்கிறார்கள்.

18 வயதே ஆகாதவனிடம் சாவியைக் கொடுப்பவர் விஷயம் இன்னும் மோசம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும்தான் குற்றவாளி. 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சொன்ன அதே 25!

2024 மே 19ஆம் தேதி அதிகாலை புனேயில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு பொறியாளர்கள் இறந்தார்கள். இருவருக்கும் வயது 24. முதலில் கொடுத்த ஜாமீனில், விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொன்னதை நாடே பேசியது. பிறகு ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்களும் பையனின் பெற்றோரும் கைதானார்கள். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு அதில் ஒரு விஷயம்தான் உறைக்கிறது. ஒரு வீட்டுச் சாவியை யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்ற கேள்வி எத்தனை பேரைச் சிறைவாசல் வரைக்கும் கொண்டு போய் நிறுத்துகிறது!

நம் ஷரீஅத்தில் இதன் கணக்கு துன்யாவின் வழக்கோடு முடிவதில்லை. ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம், தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவனுக்கும் தியத் உண்டு, கஃப்பாரா உண்டு என்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அந்தக் கஃப்பாரா என்ன? தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு. இடையில் காரணமில்லாமல் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஓட்டுநரின் தவறால் நடந்த மரணத்துக்கும் இது பொருந்தும் என்று இக்கால உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சிறுவன் கையால் நடந்தாலும் கஃப்பாரா உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். நோன்பு பிடிக்குமா? தவறுதலான கொலையில் தியத்தைக் கொடுக்கும் பொறுப்பு ஆகிலா எனப்படும் தந்தை வழி உறவினர்கள் மீது சாட்டப்பட்டிருக்கிறது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? குடும்பமே சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றால், பெரியப்பாவும் சித்தப்பாவும் அவனை முதலிலேயே பிடித்து நிறுத்துவார்கள். இன்று நம் தெருவில் ஒருவன் முன் சக்கரத்தைத் தூக்கிக் கொண்டு போனால், சித்தப்பாவே நின்று வீடியோ எடுக்கிறார்!

போக்குவரத்துச் சட்டமெல்லாம் அரசாங்கம் போட்டது, மார்க்கம் இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதைப் பேசி முடிவெடுத்திருக்கிறது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கப்படி கடமை என்பது அதன் தீர்மானம். ஆகவே ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டு, போலீஸைக் கண்டதும் தலையில் மாட்டுகிறோமே, அது போலீஸை ஏமாற்றுவதாக மட்டும் நினைக்க வேண்டாம்.

சைலன்சரை மாற்றிக் கொண்டு சுற்றும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நடுநிலையாக இரு, குரலைத் தாழ்த்து என்று சொல்லிவிட்டு, சத்தங்களில் மிக மோசமானது எது என்றும் சொன்னார்கள். எந்தப் பிராணியின் சத்தம் என்று ஸூரா லுக்மானின் 19ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்கின் மேல் வாகனத்தில் ஏறும் துஆவை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறீர்கள், மாஷா அல்லாஹ். அந்த துஆவின் பொருள் என்ன? இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், இதை அடக்கும் சக்தி நமக்கு இருக்கவில்லை, நாம் நம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள். என்னால் இதை அடக்க முடியாது என்று ஒப்புக் கொள்ளும் துஆ அது! அதை ஒட்டிவிட்டு, ஒரு கையை விட்டு, 120இல் போகிறோம்.

பராஅத் இரவும் ரமலான் இரவுகளும் வரும்போது போலீஸ்காரர்கள் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் வந்து, உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்கிறார்கள். தராவீஹ் முடிந்ததும் ஈ.சி.ஆரில் சஹர் வரைக்கும் ஓட்டம். ஓதுவதற்கென்று தந்த இரவு இது. ஒரு சமுதாயத்துக்கு இதைவிட வெட்கம் என்ன இருக்கிறது?

சட்டம் வரும்போது வரட்டும். வீட்டுக்குள் சட்டம் போட நமக்கு யார் அனுமதியும் தேவையில்லை. லைசென்ஸ் வந்த முதல் வருடம் வீட்டில் இருக்கும் பழைய சின்ன வண்டிதான். முதல் சில மாதம் இரவில் தனியாக வேண்டாம், கூட்டாளிகளை ஏற்றிக் கொண்டும் வேண்டாம். வாப்பாவோ மாமாவோ வாரம் ஒரு முறை பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். உம்மாவை வைத்து அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பாருங்கள். பெண்கள் ஏறிய ஒட்டகங்களை ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கின்றன, மெதுவாகப் போ என்று நபியவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்கள் வீடியோ காலில் பையனிடமே பேசிவிடுங்கள். மறுக்கும் பாரத்தை உம்மா தலையில் மட்டும் கட்டாதீர்கள். நம் ஜமாஅத் நிக்காஹ்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் பைக் கூட்டம் வருவதை நிறுத்துவது பற்றி நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் பேசவிருக்கிறார்கள். இளைஞர்கள் அதில் கலந்து கொண்டு உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! கை கால் முறிந்து படுக்கையில் கிடக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளால் பிறர் வீட்டில் ஜனாஸா விழாமல் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.